409ஆ, 422ஆ, 200ஆ? ரெஸ்ட் சேவைக்கு நிலைக்குறியீடு தேர்ந்தெடுப்பது குறித்து ஓர் ஒப்பீடு

சென்னையிலுள்ள கல்யாண மண்டபங்களுக்கு இணையவழியில் தேதி பதிவு செய்துதரும் சேவை ஒன்றின் பேக்எண்ட் பகுதியை, அதாவது பயனர் கண்ணில் படாமல் சர்வரில் இயங்கும் நிரலை, எங்கள் குழு எழுதிப் பராமரித்து வருகிறது. காலியாக உள்ள முகூர்த்த நாள்களைக் காட்டுவது, முன்பணம் வந்ததும் தேதியை உறுதிசெய்வது, ரத்தானால் பணத்தைத் திருப்பி அனுப்புவது ஆகிய மூன்றும்தான் அதன் முக்கிய வேலைகள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தச் சேவையில் எங்களை அதிக நேரம் வாதாட வைத்தது, ஒவ்வொரு மறுமொழியின் முகப்பிலும் செல்லும் மூன்று இலக்க எண்; அதாவது, இணையத்தில் செய்தி பரிமாறும் நெறிமுறையான எச்.டி.டி.பி.யின் நிலைக்குறியீடு. அது 2 என்று தொடங்கினால் வெற்றி, 4 என்றால் கேட்டவர் பக்கத் தவறு, 5 என்றால் சர்வர் பக்கத் தவறு. எந்த இடத்தில் எந்த எண்ணை அனுப்பலாம் என்பதில் எங்கள் முன் இருந்த தேர்வுகளையும், அவற்றுள் எதை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். எங்கள் முடிவுகள் மற்றக் குழுக்களுக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். முடிவுக்கு வந்த வழி பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் நாங்கள் இதைப் பொருட்படுத்தவே இல்லை. பணம் வசூலிக்க நாங்கள் பயன்படுத்திய ஒரு பேமென்ட் கேட்வே, பணத்தை எடுக்கச் சொல்லி அனுப்பும் போஸ்ட் கோரிக்கை (ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் வகை) தோற்றாலும் வெற்றியைக் குறிக்கும் 200 என்றே பதில் தரும்; தோற்றுவிட்டது என்ற செய்தி உள்ளே வரும் ஜேசனில் (தரவை எழுத்தாக அடுக்கி அனுப்பும் வடிவம்) ஒரு மூலையில் இருக்கும். எங்கள் நிரலோ எண்ணை மட்டும் பார்த்தது. அதனால் ஆவணி மாதத்து முகூர்த்தம் ஒன்று முன்பணம் வராமலேயே உறுதியாகி, அதே தேதியைக் கேட்டு வந்த இன்னொரு குடும்பத்தை மண்டபத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்வேயின் கையேட்டை முழுதாகப் படிக்காதது எங்கள் தவறுதான். ஆனால் அன்று இரவு செயலிகள் எங்கள் சேவையோடு பேசும் வாசலான எங்கள் சொந்த ஏ.பி.ஐ.யைத் திறந்து பார்த்தபோது, நாங்களும் எங்கள் மொபைல் செயலிக்கு அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்பது தெரிந்தது.

எண்ணைப் படிப்பவர் யார்?

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் 200 அனுப்பி, வெற்றி தோல்வியை ஜேசனுக்குள் சொல்வது முதல் வழி. இணையத்தின் எண்களையும் பெயர்களையும் பதிந்துவைக்கும் ஐயானா அமைப்பின் பதிவேட்டிலுள்ள ஏறக்குறைய 60 குறியீடுகளில் ஒவ்வொரு சூழலுக்கும் மிகவும் நெருங்கியதைத் தேடிப் பிடிப்பது இரண்டாவது. பத்துப் பதினைந்து குறியீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, நுணுக்கங்களை மறுமொழியின் உள்ளே எழுதுவது மூன்றாவது.

முதல் வழியைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கும் ஒரு மரபு உண்டு. வேறொரு கணினியிலுள்ள நிரலை இணையவழியே அழைக்கும் பழைய முறையான எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி.யின் விவரக்குறிப்பே, கீழ்நிலைப் பிழை ஏதும் இல்லாவிட்டால் எப்போதும் 200 அனுப்ப வேண்டும் என்று சொல்கிறது. வேண்டிய தரவை மட்டும் கேட்டுப் பெற உதவும் வினவல் மொழியான கிராஃப்கியூஎல்லைப் பயன்படுத்தும் சேவைகள் பலவும் பிழைப் பட்டியலை 200க்குள் வைத்தே அனுப்புகின்றன. இவற்றுக்கு எச்.டி.டி.பி. என்பது வெறும் அஞ்சல் உறை. சொல்ல வேண்டியதெல்லாம் கடிதத்துக்குள் இருக்கும். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர், சர்வர் அனுப்பிய சிறிய பிழைப் பக்கங்களை மறைத்துவிட்டுத் தன் சொந்தப் பக்கத்தைக் காட்டிய காலத்தில், பிழைச் செய்தி பயனரைச் சென்றடைய 200 ஒன்றே வழி என்று நினைத்தவர்களும் உண்டு.

எச்.டி.டி.பி.யின் விதிகளையொட்டி இணையச் சேவையை அமைக்கும் பாணிக்கு ரெஸ்ட் என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்ட சேவைக்கு இந்த வாதம் பொருந்தாது. எச்.டி.டி.பி. 1.1 விவரக்குறிப்பின் ஆசிரியர்களில் ஒருவரான ராய் ஃபீல்டிங், 2000ஆம் ஆண்டில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்ற கட்டமைப்பை விவரித்தபோது, ஒவ்வொரு செய்தியும் தன்னைத்தானே விளக்கிக்கொள்வதாக இருக்க வேண்டும் என்பதை ஒரு கட்டுப்பாடாக வைத்தார். கேட்கும் கிளையன்டுக்கும் பதில் தரும் சர்வருக்கும் இடையில் நிற்கும் கருவிகள், அந்தச் சேவை மண்டபம் பற்றியதா மளிகை பற்றியதா என்று தெரியாமலேயே செய்தியைப் புரிந்துகொண்டு தம் வேலையைச் செய்ய முடிய வேண்டும் என்பது அதன் பொருள்.

அந்தக் கருவிகளை எண்ணிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் உறைத்தது. தரவைப் படிக்க அனுப்பும் கெட் கோரிக்கைக்கு வரும் 200ஐ, பதில்களின் நகலை வைத்திருந்து தரும் இடைநிலைக் கேஷ் சேமித்து வைக்கலாம்; தரவுத்தளம் கிடைக்கவில்லை என்ற செய்தி 200 என்ற முகப்போடு போனால் அதுவும் சேமிக்கப்பட்டு, தரவுத்தளம் எழுந்து நின்ற பிறகும் அடுத்து வருபவருக்குப் போய்ச்சேரும். நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் வைத்து இயக்கும் குபர்நெட்டிஸ் தன் சோதனைக் கோரிக்கைக்கு 200 முதல் 399 வரை எது வந்தாலும் கன்டெய்னர் நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். கண்காணிப்புப் பலகைகள் 5 என்று தொடங்கும் எண்களைக் கூட்டித்தான் எச்சரிக்கை மணி அடிக்கின்றன. செயலி எழுதுபவர்கள் பயன்படுத்தும் நூலகங்களும் எண்ணையே பார்க்கின்றன: ஆக்ஸியாஸ் 2 என்று தொடங்காத எதையும் இயல்பாகவே பிழையாக எறியும், உலாவியின் ஃபெட்ச் அப்படி எறியாது, ஆனால் ஓகே என்ற பண்பில் 200 முதல் 299 வரை மட்டும் உண்மை என்று குறிக்கும். இவை எவையும் ஜேசனைப் பிரித்துப் படிப்பதில்லை. எண்ணைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் மனிதர்கள் அல்லர் என்பதால், 'இந்தப் பிழையை எது மிகத் துல்லியமாகப் பெயரிடுகிறது?' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'இதைப் படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்வியை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் உண்மையில் தியாகராய நகரில் ஒரு மண்டபத்தின் மேலாளர். எங்கள் செயலியைப் பயன்படுத்தினாலும் அவர் நம்புவது மேசைமேல் இருக்கும் நீளமான டைரியைத்தான். அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து, தொலைபேசியில் பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அந்தத் தேதி போயிடுச்சு சார், வேற தேதி பாருங்க." "இப்ப ஆபீஸ்ல கூட்டமா இருக்கும்மா, ஒரு பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க." "ஓனரைக் கேட்டுட்டு சாயங்காலம் சொல்றேன்." ஒரு பதிலிலும் வெறும் இல்லை என்பது கிடையாது, கேட்டவர் அடுத்து என்ன செய்யலாம் என்பது ஒவ்வொன்றிலும் இருந்தது.

இரண்டாவது வழி, அதாவது எல்லாக் குறியீடுகளையும் பயன்படுத்துவது, படித்தவர்களுக்கே உரிய சபலம். பட்டியலில் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் எளிதில் சறுக்கிவிடும். 'ஏற்கத்தக்கதல்ல' என்று பெயருள்ள 406ஐப் பார்த்து, பயனர் அனுப்பிய விவரத்தை ஏற்க முடியாது என்பதற்கு உகந்தது என்று ஒருவர் சொன்னார். அது உண்மையில் கிளையன்ட் எந்த வடிவில் பதிலை ஏற்கும் என்று சொல்லும் அக்செப்ட் ஹெடர் (செய்தியின் முகப்பில் வரும் ஒரு தகவல் வரி) பற்றியது. முன்பணம் கட்டிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு தேதியை நாங்கள் பிடித்து வைப்பதால், அதற்குப் 'பூட்டப்பட்டுள்ளது' என்னும் 423 வேண்டும் என்று இன்னொருவர் வாதாடினார். 423 இணையத்திலுள்ள கோப்புகளைத் திருத்த உதவும் வெப்டேவ் நெறிமுறைக்காக உருவானது. ஆர்.எஃப்.சி. என்பவை இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணங்கள். 2022 ஜூனில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9110இன்படி, தனக்குத் தெரியாத குறியீட்டைக் காணும் கிளையன்ட் அதை அந்த வகுப்பின் தொடக்க எண்ணாகக் கருத வேண்டும். ஆகவே 423ஐ அறியாத செயலி அதை 400 என்றே எடுத்துக்கொள்ளும். கேடில்லை, ஆனால் பயனும் இல்லை. 1998 ஏப்ரல் 1 அன்று வேடிக்கையாக வெளியான தேநீர்க் கெண்டிக் குறியீடு 418ஐ உண்மையான சேவையில் பார்த்தவர்கள் அதற்குப் பின் அந்தச் சேவையின் மற்றக் குறியீடுகளையும் நம்புவார்களா என்று தெரியவில்லை.

ஆகவே மூன்றாவது வழியை எடுத்தோம். நுணுக்கங்களைச் சொல்ல, 2023 ஜூலையில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9457 வகுத்த பிராப்ளம் டீடெய்ல்ஸ் என்ற ஜேசன் வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். பிழையின் வகையைக் குறிக்கும் ஒரு முகவரி, மனிதர் படிக்க ஒரு தலைப்பு, அந்த நிகழ்வுக்கே உரிய விளக்கம் ஆகியவை அதில் இருக்கும். நமக்குத் தேவையான புலங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். எண்ணுக்குப் பக்கத்தில் வரும் சொற்றொடரில் செய்தியைத் திணிப்பவர்கள், எச்.டி.டி.பி. 2இல் அந்தச் சொற்றொடரே கிடையாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

400, 422: நீளமான சண்டை, சிறிய வேறுபாடு

பயனர் தொலைபேசி எண்ணில் ஒன்பது இலக்கம் மட்டும் கொடுத்தாலோ, ஜூன் 31 என்று தேதி கேட்டாலோ என்ன அனுப்புவது என்பதில் ஒரு வாரம் சண்டை போட்டோம். அந்த வாரத்தை எண்ணி இப்போதும் வருந்துகிறேன். 1999இல் வந்த ஆர்.எஃப்.சி. 2616, 400 என்பதைத் தொடரமைப்புப் பிழையோடு மட்டும் இணைத்துப் பேசியது. அதனால்தான் பலர், தொடரமைப்பு சரி, உள்ளடக்கம்தான் தவறு என்னும் 422ஐ வெப்டேவிலிருந்து கடன் வாங்கினார்கள். 2014இல் வந்த ஆர்.எஃப்.சி. 7231, கிளையன்ட் செய்த பிழை என்று சர்வர் கருதும் எதற்கும் 400 அனுப்பலாம் என்று விரித்துவிட்டது. பின்னர் ஆர்.எஃப்.சி. 9110, 422ஐயும் மைய விவரக்குறிப்புக்குள் கொண்டுவந்தது. இரண்டும் சரி. சேவைகளை எழுத அடித்தளமாக உதவும் ஃபிரேம்வொர்க்குகளில் ஃபாஸ்ட்ஏ.பி.ஐ., லாராவெல், ரெயில்ஸ் ஆகியவை 422 பக்கம்; ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க், ஸ்பிரிங், ஏ.எஸ்.பி. டாட்நெட் கோர் ஆகியவை 400 பக்கம். எந்த எண் வந்தாலும் கிளையன்ட் செய்ய வேண்டியது ஒன்றே: திருத்தி அனுப்புவது. உங்கள் ஃபிரேம்வொர்க் இயல்பாக எதைத் தருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். 422ஐத் தனியே வைப்பதால் கிடைக்கும் ஒரே மெய்யான ஆதாயம் கண்காணிப்பில் இருக்கிறது: புதிய பதிப்பு வெளியான அன்று 400 கூடினால் செயலி உடைந்த ஜேசன் அனுப்புகிறது என்றும், 422 கூடினால் பயனர்கள் படிவத்தைப் புரிந்துகொள்ளாமல் திணறுகிறார்கள் என்றும் பிரித்து அறியலாம். நாங்கள் ஜாங்கோவில் இருப்பதால் 400ஐயே வைத்துக்கொண்டு, அந்த வேறுபாட்டைப் பிழை வகை முகவரியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

401, 403, 404: யாருக்கு எதைச் சொல்வது

இங்கே எண் மாறினால் செயல் மாறிவிடும். ஆகவே கவனம் தேவை. 401இன் ஆங்கிலப் பெயர் அனுமதி இல்லை என்பதுபோல் ஒலித்தாலும், அதன் பொருள் நீங்கள் யார் என்று தெரியவில்லை என்பதுதான். எப்படி அடையாளம் காட்டுவது என்று சொல்லும் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.-ஆதென்டிகேட் ஹெடர் அதனுடன் கட்டாயம் போக வேண்டும். 403 என்றால், நீங்கள் யார் என்று தெரிந்திருந்தாலும் இதற்கு உங்களுக்கு இடமில்லை என்று பொருள். மறுபடி லாகின் செய்வதால் ஒன்றும் மாறாது. எங்கள் செயலி 401ஐக் கண்டால், பயனரின் அடையாளச் சீட்டான டோக்கனைப் புதுப்பித்துக்கொண்டு கோரிக்கையை மீண்டும் அனுப்பும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சமையல் காண்டிராக்டர் தமக்கு ஒதுக்கப்படாத திருமணத்தின் பந்தி விவரத்தைத் திறந்தபோது நாங்கள் 403க்குப் பதில் 401 அனுப்பினோம். செயலி டோக்கனைப் புதுப்பித்தது, மீண்டும் 401, மீண்டும் புதுப்பிப்பு என்று செக்கு மாடு போல் சுற்றி, அவருடைய கைப்பேசி சூடாகும் வரை எங்கள் டோக்கன் சர்வரைத் தட்டிக்கொண்டே இருந்தது.

403க்கும் 404க்கும் இடையிலான தேர்வில் இன்னொரு கணக்கு வருகிறது. ஒரு பொருள் இருக்கிறது என்பதையே மறைக்க விரும்பும் சர்வர், 403க்குப் பதிலாக, அப்படி ஒன்று இங்கே இல்லை என்னும் 404 அனுப்பலாம் என்று விவரக்குறிப்பே இடம் தருகிறது; நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தனது ஏ.பி.ஐ.யில் உரிமையற்றவர் தனியார் களஞ்சியத்தைக் கேட்கும்போது 404ஐத்தான் தருகிறது. எங்கள் பதிவு எண்கள் வரிசையாக ஏறுபவை. அடுத்தவர் பதிவைக் கேட்டால் 403 என்றும், இல்லாத பதிவைக் கேட்டால் 404 என்றும் பதில் போனால், போட்டி நிறுவனம் ஒன்று எண்களை வரிசையாகக் கேட்டே இந்தத் தை மாதத்தில் எத்தனை திருமணங்கள் எங்கள் வழியாகப் பதிவாயின என்று கணக்கிட்டுவிடும். ஆகவே பதிவுகளுக்கு இரண்டு நிலையிலும் 404, அதுவும் எழுத்து மாறாத ஒரே செய்தியுடன். மண்டபம் இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால், அதன் வாடகையை மாற்ற முயலும் வெளியாளுக்கு 403 போதும். இதற்கு ஒரு விலை உண்டு: தன் பதிவைத் தவறான கணக்கிலிருந்து தேடும் வாடிக்கையாளர், தன் பதிவே காணாமல் போய்விட்டது என்று பதறி அழைப்பார். உண்மைக் காரணத்தை, சர்வர் தனக்காக எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பான லாகில் எழுதி வைத்தால்தான் அழைப்பை எடுப்பவர் அவருக்குப் பதில் சொல்ல முடியும்.

404 பற்றி இன்னொன்று. மார்கழியில் முகூர்த்தம் தேடினால் பட்டியல் காலியாகத்தான் வரும். அதற்கு 200 உடன் வெற்றுப் பட்டியல் அனுப்புவதே முறை. தேடல் என்ற பொருள் இருக்கிறது, அதில் ஒன்றும் இல்லை, அவ்வளவே. இடித்து அடுக்ககமாகிவிட்ட மண்டபத்தின் பக்கத்துக்கு 410 அனுப்பினால், இனித் திரும்பி வராது என்று தேடுபொறிகளுக்கும் புரியும். 404, 410 இரண்டையுமே கேஷ் சேமிக்க அனுமதி உண்டு என்பதால், இன்று இல்லாமல் நாளை வரக்கூடியதற்குச் சேமிக்க வேண்டாம் என்று ஹெடரில் குறிப்பிடுவது நல்லது.

ஒரே முகூர்த்தம், இரண்டு குடும்பங்கள்

எங்கள் சேவையின் உயிர்நாடி இந்த இடம்தான். பல சேவைகள் இங்கே 400 அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஒருவர் கேட்கும் தேதி ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டது என்றால், கோரிக்கையில் எந்தப் பிழையும் இல்லை; நேற்று அனுப்பியிருந்தால் அதே கோரிக்கை நிறைவேறியிருக்கும். 400 என்று சொன்னால் செயலி 'விவரங்களைச் சரிபார்க்கவும்' என்று காட்டும். பெண்ணின் தகப்பனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலைபேசி எண்ணையும் முகவரியையும் திரும்பத் திரும்பத் தட்டுவார். 409 என்பது, பொருளின் தற்போதைய நிலையோடு உங்கள் கோரிக்கை மோதுகிறது, நிலையைப் பார்த்துவிட்டு வேறு வகையில் கேளுங்கள் என்று சொல்கிறது. மோதலைத் தீர்க்கப் போதுமான தகவலையும் உடன் அனுப்ப வேண்டும் என்று விவரக்குறிப்பு எதிர்பார்ப்பதால், அந்த மண்டபத்தில் அடுத்துக் காலியாக உள்ள மூன்று முகூர்த்தங்களையும் நாங்கள் மறுமொழியில் சேர்த்துவிடுகிறோம். மேலே சொன்ன பத்து நிமிடப் பிடிப்புக்கும் 409தான். பிடிப்பு எப்போது தளரும் என்ற நேரம் உள்ளே இருக்கும்.

இதையொத்த இன்னொரு மோதல் உண்டு. அதற்கு 409 பொருந்தாது. மண்டப மேலாளர் ஒரு பதிவைத் திறந்து சாப்பாட்டுக்கு 600 பேர் என்பதை 800 ஆக்குகிறார். அதே நேரத்தில் உதவியாளர் வேறு கணினியில் அதே பதிவைத் திறந்து அறைகளின் எண்ணிக்கையை மாற்றிச் சேமிக்கிறார். யார் கடைசியாகச் சேமித்தாரோ அவருடையது மட்டும் நிற்கும்; 200 பேர் பந்தியில் காணாமல் போவார்கள். இதைத் தடுக்க, பதிவை வாசிக்கும்போதே ஈடேக் என்ற பதிப்பு அடையாளத்தை அனுப்பி, மாற்றும்போது அதை இஃப்-மேட்ச் ஹெடரில் திருப்பித் தரச் சொல்கிறோம். அடையாளம் பொருந்தாவிட்டால் 412. கிளையன்ட் நிபந்தனை ஒன்றை வைத்து அது பொய்த்தால்தான் 412. நிபந்தனையே வைக்காமல் மாற்ற வந்தால், 2012இல் ஆர்.எஃப்.சி. 6585 சேர்த்த 428. 409க்குச் செயலி வேறு தேதி தேடும் திரையைக் காட்டும். 412க்குப் புதிய பதிப்பை எடுத்து, இரண்டு மாற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். செயல் வேறு என்பதால் எண்ணும் வேறு.

மூன்றாவது மோதல்தான் மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அது மோதலே அல்ல. சின்னமலை நிலையத்தில் மெட்ரோ ரயிலில் உட்கார்ந்தபடி ஒருவர் பதிவு செய் என்ற பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கை சர்வரை அடைந்து தேதி பதிவாகிவிட்டது. ரயில் சைதாப்பேட்டைச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது சிக்னல் அறுந்து, உருவாக்கியாயிற்று என்னும் 201 பதில் கைப்பேசிக்கு வரவில்லை. சிக்னல் திரும்பியதும் செயலி அதே கோரிக்கையை மீண்டும் அனுப்புகிறது. அந்தத் தேதி போய்விட்டது என்று சர்வர் 409 அனுப்புகிறது. போனது அவரிடமேதான்! அவரோ வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று எண்ணி, கோடம்பாக்கத்தில் வேறு மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடுவார். சரியான குறியீடு என்று நாம் பெருமைப்பட்ட 409 இங்கே பொய் சொல்கிறது.

இதற்கு இரண்டு தீர்வுகளை ஒப்பிட்டோம். பதிவு எண்ணைச் செயலியே உருவாக்கி புட் கோரிக்கையாக அனுப்பலாம். புட் எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே என்பதால், முதல் முறை 201, அடுத்த முறைகளில் 200 என்று முடிந்துவிடும். அல்லது போஸ்ட்டையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனிச் சாவியை ஐடெம்பொடன்சி-கீ ஹெடரில் அனுப்பலாம். பேமென்ட் சேவைகளில் பரவலான இந்த முறைக்கு, இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பின் வரைவு ஒன்றும் இருக்கிறது. சாவி ஏற்கெனவே பார்த்ததாக இருந்தால் சர்வர் முதல் பதிலை அப்படியே திரும்ப அனுப்பும். அதே சாவியுடன் வேறு விவரம் வந்தால் 422, முதல் கோரிக்கை இன்னும் முடியாமல் இருக்கும்போது இரண்டாவது வந்தால் 409 என்று அந்த வரைவு பிரிக்கிறது. முதல் தீர்வு தூய்மையானது; ஆனால் ஏற்கெனவே வெளியாகிவிட்ட செயலிப் பதிப்புகள் போஸ்ட்டையே அனுப்பும், அவற்றை மாற்ற முடியாது என்பதால், நாங்கள் சாவி வழியை எடுத்தோம்.

தவறு நம்மிடம் இருக்கும்போது

5 என்று தொடங்கும் எண்களில் இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. வெற்றுப் புலம் ஒன்று நம் நிரலை உடைத்து 500 ஆக வெளியேறினால், பயனரின் பிழைக்காக இரவு 2 மணிக்கு ஒருவர் எழுப்பப்படுவார். நம் பிழையை 400க்குள் ஒளித்தால் யாரும் எழுப்பப்பட மாட்டார்கள். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், இரண்டாவது.

அடுத்த ஆண்டின் முகூர்த்த நாள்கள் தெரிந்தவுடன் எங்கள் சேவையில் கூட்டம் கூடும். அப்போது ஒருவரே நிமிடத்துக்கு நூறு முறை நாட்காட்டியைப் புதுப்பித்தால் அவருக்கு 429. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சர்வர் திணறினால் எவருக்கும் 503. முன்னது, நீங்கள் வேகத்தைக் குறையுங்கள் என்பது. பின்னது, உங்கள் மேல் குற்றமில்லை, பொறுங்கள் என்பது. இரண்டுடனும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரை அனுப்புகிறோம். எல்லோருக்கும் ஒரே 30 வினாடி என்று சொல்லி, முப்பத்தோராவது வினாடியில் மொத்தக் கூட்டமும் மீண்டும் கதவில் இடித்ததைப் பார்த்தபின், அந்த எண்ணை ஆளுக்கு ஆள் சற்று மாற்றித் தருகிறோம்.

பேமென்ட் கேட்வே பதில் சொல்லாமல் நேரம் கடந்தால் 504 அனுப்புகிறோம். இதில் பணம் போனதா இல்லையா என்பது நமக்கே தெரியாது. ஆகவே சாவி இல்லாத போஸ்ட் கோரிக்கையைச் செயலி தானாக மீண்டும் அனுப்பவே கூடாது. வங்கி பணம் தர மறுத்த நிலைக்கு, பேமென்ட் சேவையான ஸ்டிரைப் 402ஐப் பயன்படுத்துகிறது. விவரக்குறிப்போ 402ஐ எதிர்காலத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. எங்களிடம் யு.பி.ஐ. வழியே வரும் பணம் உடனடியாக முடிவதில்லை. பயனர் தன் வங்கிச் செயலியில் ஒப்புதல் தந்த பிறகே தெரியும். ஆகவே பணம் செலுத்தும் முயற்சியையே ஒரு பொருளாக வைத்து, அதன் நிலையைக் கெட் கோரிக்கையால் கேட்கச் செய்கிறோம். முயற்சி தோற்றிருந்தாலும் அந்தக் கெட்டுக்குப் பதில் 200தான். தோற்றது என்ற நிலையைச் சரியாகக் கேட்டு, சரியாகப் பெற்றுக்கொண்டார் என்பதால். தொடக்கத்தில் நான் குறைகூறிய கேட்வே, நிலையைக் கேட்ட கோரிக்கைக்கு 200 அனுப்பியிருந்தால் அதன்மேல் எந்தத் தவறும் இருந்திருக்காது. பணத்தை எடு என்ற கட்டளைக்கு அனுப்பியதுதான் வம்பு.

கடைசியாக முடிவுக்கு வந்தது, உரிமையாளர் ஒப்புதல் தேவைப்படும் மண்டபங்களின் பதிவு. பாதிக் குழு 202 என்றது: கோரிக்கையை வாங்கிக்கொண்டோம், வேலை முடியவில்லை, நிலையை இந்த முகவரியில் வந்து பாருங்கள் என்பதுதானே உண்மை? மறுபாதி 201 என்றது: ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பதிவு என்ற பொருள் ஒன்று இப்போதே உருவாகிவிட்டது, அதற்கு எண்ணும் முகவரியும் உண்டு, லொக்கேஷன் ஹெடரில் அதைத் தரலாம். வாதம் நாள்கணக்கில் நீண்டபோது, 202 பக்கம் நின்ற இளைய பொறியாளர் ஒருவரை அந்தத் தியாகராய நகர் மண்டபத்துக்கு அழைத்துப்போனேன். மேலாளர் டைரியைப் புரட்டிக் காட்டினார்: உரிமையாளரைக் கேட்க வேண்டிய தேதிகளில் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார், முன்பணம் வந்தவற்றின்மேல் பேனாவால் எழுதியிருந்தார். பென்சிலில் இருந்தாலும் அந்த வரி நிரம்பிவிட்டது. அடுத்து வருபவருக்கு அந்தத் தேதி கிடையாது. மறுநாள் 202ஐ 201 ஆக மாற்றி, பதிவின் நிலை என்ற புலத்தில் காத்திருப்பு என்று சேர்த்தோம். உரிமையாளர் மறுத்து அந்தப் பென்சில் பெயர் அழிக்கப்படும்போது வரும் டிலீட் கோரிக்கைக்கு, முடிந்தது, திருப்பித் தர ஒன்றுமில்லை என்னும் 204.